நூற்று எண்பது புள்ளி

சமையலறை மேசையில் ஆறு கட்டம் போட்டிருக்கிறேன்.
கட்டத்துக்கு ஓர் அரையாண்டு,
அரையாண்டுக்கு முப்பது புள்ளி.
கூட்டினால் நூற்று எண்பது வர வேண்டும்.
கூட்டினேன், நூற்று எழுபத்தேழு.
மறுபடி கூட்டினேன், நூற்று எண்பத்து மூன்று.

விண்ணப்பம் முடிய ஒன்பது நாள்.
தார்த்து, பேருந்தில் இரண்டரை மணி நேரம்.
சுற்றுச்சூழல் அறிவியல், இளநிலை.
பயிற்றுமொழி எஸ்டோனியம்.
எங்கள் வீட்டில்
சண்டையும் சாப்பாடும் ருஷ்ய மொழியில்தான்.

ஆரீனா கணக்கியலுக்குப் போகிறாள்.
"பாசியை எண்ண யார் சம்பளம் தருவார்கள்?" என்கிறாள்.
அவளுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை,
எனக்கும்தான்.

மண்ணியல், கட்டாயம்.
புள்ளியியல், கட்டாயம், அதுவும் இரண்டு முறை.
சதுப்பு நிலக் களப்பணி, மே மாதம், முழங்கால் காலணி கொண்டுவரவும்.
வேதியியலும் தாவரவியலும்
செவ்வாய்க்கிழமை பத்தேகாலுக்கே மோதிக்கொள்கின்றன.
பறவைகள் பற்றிய விருப்பப் பாடத்தை
ஆசையாய் மூன்றாம் கட்டத்தில் வைத்தேன்.
அது தானாக ஆறாம் கட்டத்துக்கு நகர்ந்து
அங்கிருந்து தாளின் ஓரத்துக்குப் போய்விட்டது.

ஜன்னலுக்கு வெளியே சாம்பல் மலை.
அதை மலை என்று நாங்கள்தான் சொல்கிறோம்,
எரித்த கல்லின் மிச்சம் அது.
பூமிக்கடியில் எரியும் கல்லை வெட்டி எடுக்கிறார்கள்.
அது எரிவதால் இந்த விளக்கு எரிகிறது.
இந்த விளக்கடியில்தான் எழுதுகிறேன்:
'இந்தப் படிப்பை ஏன் தேர்ந்தேன்', ஒரு பக்கத்துக்கு மிகாமல்.

முதல் வரியிலேயே பூமியைக் காப்பாற்றிவிட்டேன்.
அடித்தேன்.
லெம்பிட் கூஸ்க் வீட்டுக் கிணற்றைப் பற்றி எழுதினேன்.
எனக்குப் பதினொரு வயதில் அது வற்றியது.
வியாழக்கிழமைதோறும் லாரியில் தண்ணீர் வரும்.
அவர் மகன் என் வகுப்பில்தான் இருந்தான்,
அந்த ஆண்டு முழுக்க என் பக்கத்தில் உட்காரவில்லை.
அதையும் அடித்தேன்,
சுரங்கத்தில் நீரிறைக்கும் பம்பு
என் அம்மாவின் பொறுப்பு.

எஸ்டோனியத்தில் வேற்றுமை பதினான்கு.
பதின்மூன்றாவது 'இல்லாமல்'.
பதினான்காவது 'உடன்'.
வேத்தா, நீர் இல்லாமல்.
வேகா, நீருடன்.
ஓர் எழுத்து வித்தியாசம்,
மொழித் தேர்வில் அதில்தான் இரண்டு மதிப்பெண் போனது.

இரவுப்பணி முடிந்து அம்மா வந்தாள்.
காலணியைக் கழற்றாமலே
மேலங்கியிலிருந்து ஒரு கடிதம் எடுத்து
என் கட்டங்களின் மேல் வைத்தாள்.
நான்காம் எண் சுரங்கம் மூடப்படுகிறது.
பம்புகள் படிப்படியாக நிறுத்தப்படும்.
கடைசிப் பம்பு, மூன்றாவது ஆண்டு, இலையுதிர்காலம்.

"உன் வேலை?" என்றேன்.
"தண்ணீர் எவ்வளவு ஏறும் என்று கேள்" என்றாள்.
கேட்டேன்.
"தெரியாது. யாருக்கும் சரியாகத் தெரியாது.
கூஸ்க் கிணற்றில் ஊறும்.
நம் நிலவறையிலும் ஊறும்.
என்ன நிறத்தில் என்றுதான் தெரியவில்லை."
ஊறுகாய் ஜாடிகளை
மேல்தட்டுக்கு ஏற்ற வேண்டுமென்று சொல்லிவிட்டு
தூங்கப் போனாள்.

நிலத்தடி நீரியல் ஆறாம் கட்டத்தில் இருந்தது,
கடைசி வசந்தத்தில், ஆறு புள்ளி.
விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன்.
நான் அதைப் படிக்கும்போது
பம்பு நின்று அரை ஆண்டு ஆகியிருக்கும்.

ரப்பர் எடுத்தேன்.
நான்காம் கட்டத்துக்கு இழுத்தேன்.
அதற்கு முன்தகுதி இயற்பியல்,
அது இரண்டுக்கு வந்தது.
இயற்பியல் வந்ததும் தாவரவியல் இடம் காலி செய்தது.
செவ்வாய்க்கிழமை மோதல் தீர்ந்தது,
புதன்கிழமையில் வேறொன்று முளைத்தது.
அழித்து அழித்து தாள் அங்கே மெலிந்து
மேசைத்துணியின் பூ தெரிந்தது.

கூட்டினேன்.
நூற்று எழுபத்தொன்பது.
ஒரு புள்ளிக்கு என்ன பாடம் இருக்கிறதோ தெரியவில்லை.

காரணக் கடிதத்தில் இப்போது ஒரே வரி,
வேற்றுமை சரிதானா என்று மூன்று முறை பார்த்தேன்:
எங்கள் ஊரில் தண்ணீர் ஏறப்போகிறது,
எதுவரை என்று நான் அளக்க வேண்டும்.

மிச்சப் பக்கம் வெள்ளையாய்க் கிடக்கிறது.
உள்ளறையில் அம்மா புரண்டு படுக்கிறாள்.
கீழே போய்
ஜாடிகளை எண்ணத் தொடங்குகிறேன்.